இணையக் கலைக்களஞ்சியங்களும் மாணவர் ஆய்வும்: அடிக்குறிப்பு வரை போகப் பழக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளுக்கு விக்கிப்பீடியா முதலிய இணையக் கலைக்களஞ்சியங்களைப் பயன்படுத்துவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. நாகர்கோவில் பகுதியில் கல்லூரி நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது மாணவர்கள் குறிப்புதவிப் பிரிவின் அலமாரிகளைத் திரும்பிப் பாராமல் நேராகக் கணினி முன்னால் போய் உட்காருவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்பர் சொல்லும் தடை, இருக்கும் கேட்டை மறைக்க உதவுமே தவிர நீக்க உதவாது என்பது என் உறுதியான கருத்து. தடை விதித்த இடங்களில் மாணவர்கள் அந்தப் பக்கங்களைப் படிப்பதை நிறுத்திவிடுவதில்லை. எங்கே படித்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆய்வுக்கு இதைவிடப் பெரிய தீங்கு வேறு இல்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, ஓர் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு காணப்படும் ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் நடவடிக்கை கிடையாது. விதியின் நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. எழுதியிருக்கும் செய்தி உண்மையா, அது எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. எனவே மாணவர் இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, சொற்களை மாற்றி, வாக்கியங்களை முன்பின்னாக்கிச் சதவீதத்தைப் பத்துக்குள் இறக்கிவிடுகிறார். பிறகு அந்தப் பத்தியின் கீழிருந்த அடிக்குறிப்பை, அதாவது தாம் கண்ணால் கண்டிராத ஒரு நூலின் பெயரையும் பக்க எண்ணையும், அப்படியே தம்முடைய துணைநூற்பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார். வாய்மொழித் தேர்வில் ‘இந்த நூலை எந்த நூலகத்தில் பார்த்தீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பதில் வராது. நெறியாளர்கள் பலருக்கு இது தெரியாத செய்தி இல்லை. வேலைப் பளுவில் அந்தக் கேள்வியைக் கேட்காமலே கையெழுத்திட்டு விடுகிறார்கள்.

கலைக்களஞ்சியம் என்பது எக்காலத்திலும் ஆய்வின் முடிவிடமாக இருந்ததில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, அந்தந்தத் துறை வல்லுநர்களிடம் கட்டுரை வாங்கி உருவாக்கினார். முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. அந்தத் தொகுதிகளை மாணவர்களுக்கு எடுத்துக் கொடுத்தபோதெல்லாம் நான் சொல்லி வந்தது இதுதான்: ஒரு பொருளைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது இதைப் படியுங்கள், ஓரளவு பிடிபட்டதும் இதை மூடிவைத்துவிட்டு, இதை எழுதியவர் எந்த நூல்களைப் படித்து எழுதினாரோ அந்த நூல்களைத் தேடிப் போங்கள். அச்சுக் கலைக்களஞ்சியத்துக்கென்று ஒரு குறையும் உண்டு. அந்த முதல் தொகுதி வெளிவந்த ஆண்டில் அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் அவை கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. அச்சாகிவிட்ட பக்கம் இத்தகைய மாற்றத்தை ஏற்றுக்கொள்ள அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். 1768இல் எடின்பரோவில் தொடங்கிய பிரிட்டானிக்காகூட 2012இல் அச்சுப் பதிப்பைக் கைவிட்டு முழுமையாக இணையத்துக்கு மாறிவிட்டது.

2001 ஜனவரியில் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா இந்தக் குறையைப் போக்கியது என்பதை யாரும் மறுக்க முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. தொடர்ந்து எழுதுவோர் சில நூறு பேரைத் தாண்ட மாட்டார்கள். ஒரு காசு ஊதியம் பெறாமல் அவர்கள் செய்திருக்கும் பணியை நான் மனமார மதிக்கிறேன். அதன் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ‘நேச்சர்’ இதழ் 2005 டிசம்பரில் வெளியிட்ட ஒப்பீட்டை எடுத்துக்காட்டுவது வழக்கம். 42 அறிவியல் கட்டுரைகளைத் துறை அறிஞர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், சராசரியாக ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ 4 பிழைகளும் பிரிட்டானிக்காவில் ஏறத்தாழ 3 பிழைகளும் இருந்தன. பெரும் பிழைகள் இரண்டிலும் நான்கு நான்குதான். பிரிட்டானிக்கா நிறுவனம் 2006இல் அந்த ஒப்பீட்டு முறையைக் கடுமையாக மறுத்தது. ‘நேச்சர்’ தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டவை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவியல் கட்டுரைகள். ஆயிரக்கணக்கானோர் கண்ணில் தினமும் படும் பக்கங்களில் பிழை நெடுநாள் தங்காது. தோவாளை வட்டத்தில் உள்ள ஒரு சிறு கோயிலைப் பற்றி ஒருவர் தமிழில் எழுதி, அதைப் படிப்போர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தால், அதில் புகுந்த பிழை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் கிடக்கும். அந்த ஒப்பீட்டைக் காட்டி நம் ஊர் வரலாற்றுக் கட்டுரைகளுக்கும் அதே நம்பகத்தன்மை உண்டென்று வாதிடுவது பொருந்தாது.

ஆங்கிலத்திலேயே இது நடந்திருக்கிறது. கோவாவின் பிச்சோலிம் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியருக்கும் மராட்டியருக்கும் ஒரு போர் மூண்டதாக 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் நீண்ட கட்டுரை ஒன்று ஏற்றப்பட்டது. அப்படி ஒரு போர் நடக்கவே இல்லை. ஆயினும் அதே ஆண்டில் அதற்கு ‘நல்ல கட்டுரை’ என்னும் தரநிலை வழங்கப்பட்டது. 2012 இறுதியில் நீக்கப்படும் வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அது அங்கே இருந்தது. அது பிடிபட்ட விதத்தைத்தான் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தன்னார்வலர் ஒருவர் அடிக்குறிப்புகளில் இருந்த நூல்களைத் தேடிப் பார்த்தார்; அந்த நூல்களே இல்லை என்று தெரியவந்தது. கட்டுரையின் நடை, நீளம், தரநிலை எதுவும் காட்டிக்கொடுக்காத பொய்யை அடிக்குறிப்பு காட்டிக்கொடுத்தது.

நம் மாவட்டத்துக்கே வருகிறேன். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் போர் நடந்த நாளை இணையத்தில் தேடினால் ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் இரண்டு நாட்கள் கிடைக்கின்றன. சில இடங்களில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, முன்னது பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி, பின்னது புதிய கிரகோரியன் நாட்காட்டிப்படி என்று விளக்கமும் தந்திருக்கிறார்கள். படிப்பவருக்கு ஐயம் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் 1700 மார்ச் தொடங்கி அந்த நூற்றாண்டு முழுவதும் அவ்விரு நாட்காட்டிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு 11 நாள். ஜூலை 31உடன் 11 நாளைக் கூட்டினால் ஆகஸ்ட் 11 வருமே தவிர ஆகஸ்ட் 10 வராது. அந்த விளக்கம் கணக்கிலேயே இடிக்கிறது. இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றினர், ஹாலந்து மாகாணம் 16ஆம் நூற்றாண்டிலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, திருவிதாங்கூர் அரசோ மலையாள நாட்டில் வழங்கும் கொல்லம் ஆண்டில் கணக்கு வைத்தது. ஆகவே எந்த நாள் யாருடைய ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அறியாமல் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதில் பொருளே இல்லை. ஒரு முதுகலை மாணவர் இந்த ஒரு நாளின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டால் டச்சு ஆவணங்கள், ஆங்கிலேயர் கடிதங்கள், மதிலகம் ஓலைகள் (திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆவணங்கள்) என்று மூன்று திசைகளில் போக வேண்டியிருக்கும். அதுதான் ஆய்வு. அந்தப் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரான டி லனாயின் கல்லறை தக்கலையை ஒட்டிய உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இலத்தீனிலும் தமிழிலும் எழுதப்பட்ட கல் அங்கே இருக்கிறது. பேருந்தில் போய் இறங்கிப் படிக்கக்கூடிய மூல ஆதாரம் ஒன்று இவ்வளவு அருகில் இருக்கும்போது, அவரைப் பற்றி எழுதும் மாணவர் திரையில் உள்ள நான்கு வரியோடு நின்றுவிடுவதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கொல்லம் ஆண்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் பெரும்பாலும் அதுவே வழங்குகிறது. அது ஆவணியில் பிறந்து ஆடியில் முடிவது. ஆவணி முதல் டிசம்பர் இறுதி வரையுள்ள நாளாக இருந்தால் 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள நாளாக இருந்தால் 825ஐயும் கூட்டினால்தான் சரியான ஆங்கில ஆண்டு கிடைக்கும். மாதத்தைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 825ஐக் கூட்டுபவர்களால் ஒரு கோயில் திருப்பணி ஓர் ஆண்டு தள்ளிப் போய்விடுகிறது. கட்டுரையாளர் கல்வெட்டில் உள்ள மாதத்தையும் கொல்லம் ஆண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் படிப்பவரே சரிபார்த்துக்கொள்ளலாம். மாற்றிய ஆண்டை மட்டும் கொடுத்துவிட்டால் வழியே அடைபட்டுவிடுகிறது. பழைய விளவங்கோடு வட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் குல மன்னன் கருநந்தடக்கன் சாலை (அக்காலக் கல்விக்கூடம்) நிறுவி 95 சட்டர்கள் (மாணவர்கள்) கல்வி கற்க ஏற்பாடு செய்ததைச் சொல்லும் செப்பேடு, தான் எழுதப்பட்ட நாளைக் கலியுகம் பிறந்து 14,49,087 நாள் சென்ற நாள் என்று குறிக்கிறது. நாட்கணக்காகவே கொடுத்துவிட்டதால் இன்று எவரும் கணக்கிட்டு அதைக் கி.பி. 866ஆம் ஆண்டு ஜூலை மாதம் என்று அறிந்துகொள்ள முடிகிறது. பின்னால் வருபவன் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆவணத்தை எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவது தங்கள் நாளிதழையும் மற்ற நாளிதழ்களையும் நேரடியாகத் தொடுகிறது. விக்கிப்பீடியாவின் விதிப்படி அங்கே எழுதுபவர் தாமே கண்டறிந்ததை எழுதக் கூடாது. ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரத்தைச் சுட்ட வேண்டும். நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அந்த ஆதாரம் பெரும்பாலும் நாளிதழ்ச் செய்தியாகத்தான் இருக்கிறது. பட்டணங்கால் கால்வாயின் நீரைப் பறளியாற்றுக்கு மேலே கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். 400 மீட்டருக்கும் குறைவு என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றைப் போல இரண்டரை மடங்கு. ‘ஆசியாவிலேயே மிகப் பெரியது’ என்னும் பட்டமும் ஆதாரம் இல்லாமலே கூட வருகிறது. பாலத்தின் மேல் அளவுநாடாவுடன் ஒரு முறை நடந்தால் தீர்ந்துவிடும் கேள்வி இது. ஆனால் அளந்தவர் அதைக் கலைக்களஞ்சியத்தில் எழுத முடியாது. பொதுப்பணித் துறையின் ஆவணமோ அதைப் பார்த்து எழுதிய செய்தியோ வேண்டும். செய்தியாளருக்கோ மாலைக்குள் கட்டுரையை முடித்தாக வேண்டும். அவரும் கைப்பேசியில் அதே கலைக்களஞ்சியத்தைத் திறந்து நீளத்தை எடுத்துக்கொள்கிறார். சில நாள் கழித்து ஒரு தன்னார்வலர் ஆதாரமில்லாமல் நிற்கும் அந்த வரிக்குச் சான்று தேடுகிறார். நாளிதழ்க் கட்டுரை கிடைக்கிறது. அதை அடிக்குறிப்பாகச் சேர்க்கிறார். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரே வரி தனக்குத் தானே சாட்சியாகி, அசைக்க முடியாத உண்மைபோல் நின்றுவிடுகிறது.

இது கற்பனையாகச் சொல்வதில்லை. தென் அமெரிக்காவில் வாழும் கோட்டி என்னும் விலங்கைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையில் 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் தாமே இட்டுக்கட்டிய ஒரு பட்டப்பெயரைச் சேர்த்தார். அதை நாளிதழ்கள் எடுத்தாண்டன. பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஒரு நூலிலும் அது ஏறியது. பிறகு அந்த வெளியீடுகளே அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. ஒரு விலங்கின் பெயரில் நடந்தால் அதனால் பெரிய தீங்கில்லை. தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தவர்களைப் பற்றிய செய்தியிலோ, தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிய செய்தியிலோ இப்படி நடந்தால் அது எத்தனை குடும்பங்களைப் புண்படுத்தும், எத்தனை பகைகளுக்கு எண்ணெய் வார்க்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சாதி தொடர்பான கட்டுரைகள் ஓயாமல் மாற்றி எழுதப்படுவதால் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவற்றுக்கென்றே தனிக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறார்கள். தமிழில் அவ்வளவு காவலுக்கு ஆள் இல்லை.

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் 2010இல் அளித்த தீர்ப்பில், ஒரு சட்டக் கருத்தின் விளக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் விக்கிப்பீடியாவைச் சுட்டியது. அதே நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஒரு சுங்க வரி வழக்கில், பலர் சேர்ந்து தொகுக்கும் இத்தகைய தளங்களை முழுமையாக நம்ப முடியாது, சட்டத் தகராறுகளைத் தீர்க்க அவற்றைச் சார்ந்திருப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று கூறியது. விக்கிப்பீடியாவே தன்னை ஆய்வுக்குரிய ஆதாரமாகக் காட்ட வேண்டாம் என்றுதான் தன் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது.

அப்படியிருந்தும் தடை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சு நூலில் இல்லாத ஒரு வசதி அங்கே இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ‘வரலாறு’ என்று ஓர் இணைப்பு உள்ளது. கட்டுரையை யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்பதெல்லாம் முதல் நாளிலிருந்து அங்கே பதிவாகியிருக்கும். பக்கத்திலேயே உரையாடல் பக்கம் இருக்கிறது. அங்கே இரண்டு பேர் ஒரு தேதியைப் பற்றி வாதிட்டிருந்தால் அந்த வாதத்தையும் படிக்கலாம். ‘சான்று தேவை’ என்று ஒரு வரிக்குப் பின்னால் குறி இட்டிருந்தால், எழுதியவர்களே அதை உறுதிப்படுத்தவில்லை என்று பொருள். இவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்த மாணவர் ஏமாற மாட்டார். இப்போது தேடுபொறியின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் விடை வந்து நிற்கிறது. அதற்கு வரலாறும் இல்லை, உரையாடலும் இல்லை. கலைக்களஞ்சியத்தைத் தடை செய்தால் மாணவர்கள் நூலகத்துக்கு வரப்போவதில்லை, அந்த விடையோடு நின்றுவிடுவார்கள். அது இன்னும் இருட்டான இடம்.

ஆகவே நம் கல்லூரிகளின் நெறியாளர்களுக்கு என் வேண்டுகோள்: இணையக் கலைக்களஞ்சியத்தைப் படித்தால் படித்தேன் என்று, பார்த்த நாளோடு எழுதச் சொல்லுங்கள். துணைநூற்பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலும் எந்த நூலகத்தில், அல்லது எந்த மின்னூலகத்தில் பார்க்கப்பட்டது என்பதை மாணவரே எதிரில் குறிக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்தில் ‘நூல் கிடைக்கவில்லை’ என்ற சமாதானத்தை எளிதில் ஏற்க வேண்டியதில்லை. கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையும், தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கன்னியாகுமரி மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளும் வரலாற்றுத் துறை வைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் இருக்க வேண்டும். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம் நம் மாவட்டம் பற்றிய நூல்களை ஓர் அலமாரியாகத் தனித்து வைத்து, அதன் பட்டியலை இணையத்தில் போட்டால் போதும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்கும் அது பேருதவியாக இருக்கும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைக் கவிஞராகவே எல்லோருக்கும் தெரியும். அவர் கல்வெட்டு ஆராய்ச்சியாளரும்கூட. காந்தளூர்ச் சாலையைப் பற்றியும் அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளைப் பற்றியும் ஆராய்ந்தவர். ஓலையைக் கையில் எடுத்துப் படித்து எழுதும் மரபு நம் மண்ணில் இருந்திருக்கிறது.

தங்களிடம் நான் வேண்டுவது மூன்று செய்திகள். உள்ளூர் வரலாறு, பழைய கட்டடங்கள் பற்றிய கட்டுரைகளை வெளியிடும்போது ஆண்டும் அளவும் எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதை ஒரு வரியில் குறிப்பிடுமாறு செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். அச்சில் திருத்தம் வெளியிட்டால், அதே கட்டுரையின் இணையப் பக்கத்திலும் நாள் குறித்து அந்தத் திருத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். இன்று அச்சில் வரும் திருத்தம் மறுநாள் பழைய தாளோடு போய்விடுகிறது, பிழையுள்ள இணையப் பக்கமோ ஆண்டுக்கணக்காக மேற்கோளாகிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக, நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த 1954 முதல் 1956 வரையிலான ஆண்டுகளுக்கு அக்கால நாளிதழ்களே முதன்மை ஆதாரம். அந்த ஆண்டுகளின் இதழ்த் தொகுதிகளை வைத்திருக்கும் நாளிதழ் நிறுவனங்கள் அவற்றை மின்வருடி, மாணவர்கள் கட்டணமின்றிப் படிக்கத் திறந்துவிட வேண்டும். அந்தப் பணிக்குப் பக்கங்களை அடுக்கித் தரவும் பட்டியலிடவும் ஓய்வு பெற்ற நூலகர்கள் சிலர் இந்த மாவட்டத்தில் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.